மலை ஓடையில் டிரவுட் மீன்

நம் சங்கத்தின் மூணாறு சுற்றுலா முடிந்து வந்ததிலிருந்து இளைஞர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "சார், அங்கே மலை ஓடைகளில் டிரவுட் மீன் இருக்கிறதாமே, அதை எப்படிப் பிடிப்பது?" அதோடு இன்னொரு கேள்வியும் வந்து சேர்ந்தது. மலையில் சிறியதாக ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், "என் தோட்டத்தின் நடுவில் வற்றாத ஓடை ஒன்று ஓடுகிறது. டிரவுட் குஞ்சு வாங்கி விட்டால் வளருமா?" என்று கேட்டார்.

ரயில்வேயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் சில ஆண்டுகள் குன்னூரில் இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடைத்தால் தூண்டிலும் கையுமாக அவலாஞ்சி பக்கம் கிளம்பிவிடுவேன். அது தெரிந்துதான் என்னைக் கேட்கிறார்கள். முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு என் பதில் "விட வேண்டாம்" என்பதுதான். இரண்டு பதில்களுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் மீனைப் பற்றி. டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீன். நம் பக்கம் பேசப்படுவது இரண்டு வகை. ஒன்று பிரவுன் டிரவுட், ஐரோப்பாவைச் சேர்ந்தது. பழுப்பு உடம்பில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் இருக்கும். மற்றது ரெயின்போ டிரவுட், அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் ஓடும் ஆறுகளைப் பூர்வீகமாகக் கொண்டது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று தலையிலிருந்து வால் வரை ஓடும். தென்னிந்திய மலைகளில் நிலைத்தது ரெயின்போதான்.

இந்த மீன் இங்கே வந்த கதையில் நம் கொச்சிக்கும் ஒரு பங்கு உண்டு. பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மருத்துவர் சென்னை ராணுவ மருத்துவப் பணியில் இருந்தவர். கொச்சியில் சில காலம் மருத்துவராக இருந்து, இந்த ஊரைப் பற்றி 1863-இல் ஒரு பெரிய புத்தகமும், 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி இன்னொரு புத்தகமும் வெளியிட்டார். பிற்காலத்தில் இந்திய மீன்கள் முழுவதையும் தொகுத்து எழுதியவரும் அவரே. நம் சீனவலைக்காரர்கள் இழுத்துப் போட்ட மீன்களை அவர் எத்தனை நாள் குனிந்து பார்த்திருப்பாரோ! அந்த டே துரைதான் 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளை வரவழைத்து நீலகிரியில் விட முயன்றார். முட்டைகள் உயிரோடு வந்து சேரவில்லை.

காரணம் தூரம் மட்டும் அல்ல, வெப்பம். டிரவுட் முட்டை பொரிய எவ்வளவு நாளாகும் என்பது தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. 10 பாகை செல்சியஸ் நீரில் ரெயின்போ முட்டை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பொரிந்துவிடும். 5 பாகையில் வைத்தால் அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் நாளாகும். ஆக, முட்டையை நீண்ட தூரம் அனுப்ப வேண்டுமானால் ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அதன் கடிகாரத்தை மெதுவாக ஓட வைக்க வேண்டும். 1864-இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு இந்த முறையில் ஏறக்குறைய மூன்று மாதக் கடல் பயணத்தில் முட்டைகளை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காஷ்மீருக்கு 1899-இல் பெட்ஃபோர்டு பிரபு அனுப்பிய முதல் தொகுதி வழியிலேயே அழிந்தது; அடுத்த ஆண்டு வந்த இரண்டாவது தொகுதிதான் பிழைத்து, இன்று வரை அங்கு டிரவுட் இருப்பதற்கு வித்தாயிற்று.

நீலகிரியில் காரியம் கைகூடியது ஹெச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரால். சென்னை அரசு அவரை அமர்த்தியது. 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அப்போது மலை ரயில் குன்னூர் வரைதான் ஓடிக்கொண்டிருந்தது. உதகைக்குத் தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1908-இல். அவலாஞ்சி உதகையிலிருந்தும் தள்ளி, காட்டுக்கு நடுவே இருக்கிறது. பனிக்கட்டி கரைவதற்குள் அங்கே முட்டைப் பெட்டியைக் கொண்டுபோவது என்றால் சரக்கு அனுப்பிப் பழகிய எனக்கே மலைப்பாக இருக்கிறது. பிறகு மூணாறு தேயிலைத் தோட்டத் துரைமார்களும் சங்கம் வைத்து, பொரிப்பகம் கட்டி, தங்கள் ஓடைகளிலும் குளங்களிலும் விட்டார்கள். இலங்கையில் நுவரெலியாவில் நமக்கும் முன்பே, 1880-களிலேயே தொடங்கிவிட்டார்கள்.

இனி, ஏன் மலை ஓடை மட்டும்? மட்டாஞ்சேரிக் காயலில் ஏன் வளராது? இதற்குச் சிறிய கணக்கு ஒன்று போதும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சராசரி ஆறரை பாகை குறையும். நம் ஊரின் ஆண்டுச் சராசரி 27 அல்லது 28 பாகை என்று வைத்துக்கொண்டால், 2,000 மீட்டர் உயரத்தில் 15-ஐ ஒட்டி வரும். ஓடைத் தண்ணீரும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும். டிரவுட்டுக்குச் சுகமான வெப்பம் 10 முதல் 18 பாகை வரை. 20-ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும். கடல் மட்டத்தில் 10 பாகைத் தண்ணீர் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராம் பிராணவாயு தாங்கும். 30 பாகைத் தண்ணீர் ஏழரைதான் தாங்கும். மலை மேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் 2,000 மீட்டரில் இந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறைந்த அளவையாவது குறையாமல் நிரப்பி வைப்பது பாறையில் மோதி நுரைத்து விழும் ஓட்டம்தான். நின்ற தண்ணீரில் இழந்ததை ஓடும் தண்ணீர் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது.

முட்டையிடும் இடத்துக்கும் ஓட்டம் வேண்டும். தாய் மீன் ஓடையில் சரளைக்கல் பரவிய இடத்துக்கு வந்து, ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்டு, ஆண் மீன் விந்து விட்ட பிறகு, மேல்புறத்துச் சரளையை மறுபடியும் வாலால் தள்ளி மூடிவிடும். ஒரு மாதமோ அதற்கு மேலோ அந்தக் கல் இடுக்குகளில் நீர் ஊடுருவி ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டை மூச்சுவிடும். தண்டவாளத்தின் கீழ் ஜல்லி கொட்டுகிறோமே, அதே தத்துவம். 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள ஜல்லியின் இடுக்குகளில் மழைநீர் இறங்கி வடிந்தால்தான் பாதை நிற்கும். மண் புகுந்து அடைத்துக்கொண்டால் சேறாகிப் பாதை உட்காரும். நாங்கள் ஆள் விட்டு ஜல்லியைத் தோண்டிச் சலிப்போம். ஓடையில் சலிக்க யாரும் இல்லை. மேலே சரிவில் உருளைக்கிழங்கு, கேரட் பயிரிடும் நிலத்திலிருந்தோ, புதிதாக வெட்டிய சாலையிலிருந்தோ மண் கரைந்து வந்தால் முட்டைகள் புதைந்து மூச்சு முட்டும். தண்ணீர் தெளிந்த பிறகு பார்ப்பவர்களுக்கு ஓடை அழகாகவே தெரியும்.

இன்னொரு தடையும் உண்டு. எங்கள் துறை உள்பட யார் கட்டினாலும், கல்வெர்ட்டின் கீழ்முனையில் தண்ணீர் ஓரடி, இரண்டடி உயரத்திலிருந்து விழும்படி விட்டுவிடுவது வழக்கம். கட்டுமானத்துக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் கீழே ஆழமான மடு இல்லாவிட்டால் மீனால் எம்பிக் குதித்து மேலேற முடியாது. அதற்கு மேலுள்ள ஓடை முழுதும் அதற்குக் கதவடைத்த வீடுதான்.

சரி, பிடிப்பது எப்படி என்பதற்கு வருவோம். என் கருத்தில், ஓடையில் டிரவுட் பிடிப்பதில் முக்கால் பங்கு வேலை தூண்டில் போடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்துத் தலை வைத்து நிற்கும். இரை மேலேயிருந்து மிதந்து வரும் என்று அதற்குத் தெரியும். ஆனால் வேகமான ஓட்டத்தில் நாள் முழுதும் நீந்தினால் தின்பதைவிடச் செலவு அதிகமாகும். ஆகவே அது சிக்கனக்காரரைப் போல் இடம் பார்க்கும். பாறைக்குப் பின்னால், பாறைக்கு முன்னால் தண்ணீர் மோதித் தயங்கும் சிறு இடத்தில், கரை உள்வாங்கிய நிழலில், அருவி விழும் மடுவின் ஓரத்தில், இப்படி ஓட்டம் தணிந்த இடத்தில் நின்றுகொண்டு, கையெட்டும் தூரத்தில் ஓடும் வேகநீரில் இரை வரும்போது பாய்ந்து எடுத்துக்கொண்டு மறுபடி தன் இடத்துக்கே வந்துவிடும். நல்ல இடத்தைப் பெரிய மீன்தான் பிடித்திருக்கும். அதைப் பிடித்துவிட்டால் அடுத்த பெரிய மீன் சில நாளில் அங்கே வந்து அமரும். ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு மாதிரி, சீனியாரிட்டிதான்.

மீன் மேல்நோக்கிப் பார்த்து நிற்பதால் நாம் கீழேயிருந்து மேலாக ஓடையில் ஏறிப்போக வேண்டும். அப்போது அதன் முதுகுப்பக்கம் வருகிறோம். மிதித்துக் கலக்கும் மண்ணும் நமக்குப் பின்னாலேயே போய்விடும். எத்தனையோ பேர் பாதை வசதியாக இருக்கிறது என்று மேலேயிருந்து இறங்கி வருகிறார்கள். அவர்கள் காண்பது ஓடி ஒளியும் நிழல்களை மட்டுமே.

அடுத்து, மீனின் பார்வை. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் ஒரு வட்ட ஜன்னல் வழியாகவே தெரியும். ஒளி விலகல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்த ஜன்னலின் கோணம் ஏறத்தாழ 97 பாகை. மீன் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் அதன் தலைக்கு மேல் ஜன்னலின் விட்டம் 68 சென்டிமீட்டர் அளவு வரும். அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல் ஓடையின் அடியையே காட்டும். கரையில் தாழ்வாக இருக்கும் பொருள்கள் ஜன்னல் விளிம்பில் நசுங்கி மங்கலாகத் தெரியும். நிமிர்ந்து நிற்கும் ஆள் நன்றாகத் தெரிவான். ஆகையால் குனிந்து போக வேண்டும், தேவையானால் முழந்தாளிட வேண்டும். என் வயதில் முழங்கால் ஒத்துழைக்காது. பாறைக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். வெள்ளைச் சட்டை வேண்டாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் நிழல் மடுவில் விழும். அதோடு அந்த மடுவின் கதை முடிந்தது. பேச்சுச் சத்தம் அவ்வளவாகப் பாதிக்காது. காலடி அதிர்வுதான் தண்ணீருக்குள் இறங்கும். கனத்த பூட்ஸ் போட்டுத் தடதடவென்று நடப்பவருக்குக் காற்று வாங்கிய பயன் மட்டுமே கிடைக்கும்.

இப்போது தூண்டில். நம் ஊர்க் காயலில் போடும் தூண்டிலில் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு இருக்கும். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். டிரவுட் தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் மயிரும் கொண்டு செய்த செயற்கைப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. ஆகவே நரம்புக்கே கனம் கொடுத்து, தடித்த கயிறு போலச் செய்திருப்பார்கள். கோலைப் பின்னுக்கு வீசி, கயிறு முழுதும் பின்னால் நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, முன்னுக்கு வீசினால் சாட்டை போல விரிந்து போய்ப் பூச்சியை மெதுவாக நீரில் வைக்கும். கயிற்றின் நுனிக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நரம்பு ஏழெட்டடி இருக்கும்.

இதெல்லாம் ஏரிக்கரைக்குச் சரி. சோலைக்குள் ஓடும் நாலடி அகல ஓடையில் பின்னால் வீச இடம் ஏது? காட்டுப்பூவரசுக் கிளையில் மாட்டிக்கொள்ளும். அங்கே ஏழடிக்கு மேற்படாத சிறு கோல் போதும். ஒரு கையால் பூச்சியை முள் படாமல் பிடித்து, நரம்பை இழுத்துக் கோலை வில்லாக வளைத்து, குறி பார்த்து விட்டுவிடுவது. அம்பு போலப் போய் விழும். பக்கத்துத் தோட்டத்தில் கண்டக்டராக இருந்த பெரியவர் ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவர் இன்னொன்றும் சொல்வார்: "தம்பி, முதலில் கல்லைத் திருப்பிப் பாருங்கள்." ஓடையிலுள்ள ஒரு கல்லைத் திருப்பினால் அடியில் மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஊரும் புழுக்கள், மூன்று வால் கொண்ட தட்டையான சிறு பூச்சிகள் இருக்கும். இவை வளர்ந்து இறகு முளைத்து மாலையில் மேலே பறக்கும். அன்றைக்கு எது அதிகமோ, அந்த அளவிலும் நிறத்திலும் பூச்சி கட்டினால் மீன் எடுக்கும். பார்த்த பிறகு கல்லைப் பழையபடியே வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி.

பூச்சியைப் பாறைக்குச் சற்று மேலே விழவிட்டு, தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர விட வேண்டும். கயிறு இழுத்துப் பூச்சி கோடு கிழித்துக்கொண்டு வந்தால் மீன் சந்தேகப்படும். உண்மைப் பூச்சி ஓட்டத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகாது அல்லவா? நீரில் சிறு வட்டம் எழும், அல்லது நரம்பு சற்றே நிற்கும். மணிக்கட்டை லேசாக உயர்த்தினால் போதும். பெரிய மல்யுத்தம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். சிறு ஓடையில் உணவு குறைவு. பெரும்பாலும் கைநீள மீன்தான். ஏரியில் வளர்ந்தது பெரிதாக இருக்கும்.

முள்ளின் கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவது நல்லது; எடுப்பது எளிது. திருப்பி விடப்போகிற மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழவழப்பு உரிந்து, பிறகு பூஞ்சை பிடிக்கும். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டிருந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு தானே நழுவிப் போகும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

இவ்வளவும் மீன் இருந்தால்தானே? மீன் இருக்க கோடையிலும் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். பனி உருகி வரும் இமயமலையில் இது பெரிய விஷயம் அல்ல. நம் மலைகளில் பனி கிடையாது. மழை நின்று மார்ச், ஏப்ரல் வந்தபின் ஓடையில் ஓடுவது முழுவதும் மண்ணுக்குள் சேர்த்து வைத்த தண்ணீர்தான். அதைச் சேர்த்து வைப்பது மலையுச்சிப் புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடும். நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று எண்ணிப் பெருமளவுக்கு யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். அதன் விளைவை உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் ஒரு பகுதியில் 1972-இல் யூகலிப்டஸ் நட்டு, ஓடைகளில் வரும் நீரை ஆண்டுக்கணக்காக அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்து ஓடையில் நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுபடி துளிர்த்த அடுத்த பத்தாண்டில் 25 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. கோடை ஓட்டமும் குறைந்தது. அளவை எடுத்து ஒப்பிடும் இந்த மாதிரி வேலைக்கு என் போன்றவர்கள் எழுந்து நின்று சலாம் போடுவோம். இந்த அன்னிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றமும் பின்னாளில் உத்தரவிட்டது.

அணைகளும் ஓடைகளை விழுங்கின. பைக்காரா மின்நிலையம் 1932-இல் வந்தது, முக்குர்த்தி அணை 1938-இல். 1960-களில் குந்தா திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைகள் கட்டப்பட்டபோது டிரவுட் ஓடைகளின் நீளமான பகுதிகள் நீருக்கடியில் போயின. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழையும் இப்போது அளவு மீறிப் பெய்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் ஓடைப் படுகையின் சரளை நிற்காது. மூணாற்றில் 1924 வெள்ளத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையே அடித்துக்கொண்டு போய், அதன்பின் அங்கே ரயில் ஓடவேயில்லை. தண்டவாளத்துக்கே அந்தக் கதி என்றால் கூழாங்கல் எம்மாத்திரம்!

இது நமக்குத் தூரத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடுவதால்தான் மூணாறு என்ற பெயர். அந்தத் தண்ணீர் கீழிறங்கிப் பெரியாற்றில் சேருகிறது. ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து கொச்சி நகரக் குழாய்களுக்கு விடுகிறார்கள். இரவிகுளம் புல்வெளியில் கிழக்கே சரியும் ஓடைகளோ பாம்பாறு வழியாகக் காவிரிப் பக்கம் போகின்றன. டிரவுட் வாழும் ஓடை, கோடையிலும் குளிர்ந்து தெளிந்து ஓடும் ஓடை. அது ஒரு வெப்பமானியாக நமக்குப் பயன்படுகிறது.

இனி ஏலத்தோட்டத்து அன்பரின் கேள்வி. அவர் தோட்டம் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்கிறார். மேலே சொன்ன கணக்குப்படி அங்கே சராசரியே 20 பாகையை ஒட்டி வரும். ஏப்ரல் மதியத்தில் இன்னும் கூடும். குஞ்சுகள் செத்துவிடத்தான் வாய்ப்பு அதிகம். போனது பணம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பிழைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. அவை அங்கேயே இருக்காது. வெள்ளத்தில் கீழே போகும், குளிர் தேடி மேலே போகும்.

அந்தக் காலத்துத் துரைமார்கள் பெரிய மீன் இல்லாத ஓடையைக் காலி ஓடை என்று எண்ணினார்கள். அது காலி அல்ல. பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு வெள்ளத்தைத் தாங்கும் சிறு மீன்கள் உண்டு, நண்டு உண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத இரவுத் தவளை வகைகள் உண்டு. மேல் ஓடைகளில் இவற்றை வேட்டையாடும் அளவுக்குப் பெரிய மீன் இருந்ததில்லை என்பதால் அத்தகைய எதிரியிடமிருந்து தப்பிக்கும் பழக்கமும் இவற்றுக்கு வளர்ந்திருக்காது. டிரவுட் பூச்சி மட்டும் தின்னும் சாது அல்ல. தலைப்பிரட்டையையும் மீன் குஞ்சையும் விழுங்கும்.

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையின் உயரத்து ஏரிகளில் இதே போல மீன் இல்லை என்று டிரவுட் விட்டார்கள். அங்கே கூட்டம் கூட்டமாக இருந்த மலைத் தவளைகள் அந்த ஏரிகளிலிருந்து மறைந்தன. 1990-களின் இறுதியில் சில ஏரிகளில் வலை போட்டு டிரவுட்டை முழுவதும் எடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே தவளைகள் திரும்பிப் பெருகின. உலகில் மிகக் கேடு செய்யும் அன்னிய உயிரினங்கள் நூறு என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் ரெயின்போ, பிரவுன் இரண்டுமே இருக்கின்றன. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது; பிடித்த மீன் அல்லவா? நூறாண்டுக்கு மேல் இருக்கும் ஓடையில் அது இருந்துவிட்டுப் போகட்டும், அனுமதி உள்ள இடத்தில் பிடிப்போம். இதுவரை இல்லாத ஓடையில் புதிதாகக் கொண்டு விடுவது வேறு காரியம். விடுவதற்கு ஒரு பிளாஸ்டிக் பை போதும். திரும்ப எடுக்க அரசாங்கத்தாலும் ஆகாது.

அன்பருக்கு ஆசை தணியவில்லை என்றால், ஓடையோடு தொடர்பில்லாத சிமெண்ட் தொட்டியில் வளர்ப்பது ஒரு வழி. ஹிமாச்சலிலும் காஷ்மீரிலும் அப்படி வளர்த்து விற்கிறார்கள். ஆனால் அதற்கு வேண்டிய குளிர்நீர் அவர் உயரத்தில் கிடைக்காது. ஏலத்தையே கவனிக்கட்டும், விலையும் பரவாயில்லை என்று கேள்வி.

தூண்டில் போட விரும்பும் இளைஞர்களுக்கு: இரவிகுளம் 1978 முதல், முக்குர்த்தி 1990 முதல் தேசியப் பூங்காக்கள். அங்கே ஓடையில் இறங்குவதே குற்றமாகலாம். மற்ற இடங்களில் மீன்வளத் துறை, வனத்துறை, தோட்ட நிர்வாகம் என்று ஓடை யாருடைய பொறுப்பிலோ அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கோலை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். எத்தனை மீன் வரை எடுக்கலாம், எந்த அளவுக்குக் குறைந்தால் திருப்பி விட வேண்டும், முட்டையிடும் மாதங்கள் எவை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஓடையில் நனைந்த செருப்பையும் வலையையும் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஓடைக்குக் கொண்டுபோங்கள். நோய்க்கிருமிகள் ஈரத்தில் கூடவே பயணம் செய்யும்.

ருசி எப்படி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மரக்கறி உண்ணும் அன்பர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். செதில் மிகச் சிறியது, செதுக்க வேண்டியதில்லை. குடலை எடுத்துக் கழுவி, உப்பும் நம் கடைத்தெரு மிளகும் தடவி, கொஞ்சம் நெய்யில் இரண்டு பக்கமும் வாட்டினால் போதும். புளி ஊற்றிக் குழம்பு வைத்தால் அதன் மெல்லிய மணம் போய்விடும். குன்னூரில் முதன்முதலில் சாப்பிட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கரிமீனுக்குப் பழகிய வீட்டில் அதற்கு இரண்டாவது இடம்தான் என்று என் மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.